கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல

"என் மகனுக்கு 11 வயது. வகுப்பிலேயே உயரமும் அவன்தான், பருமனும் அவன்தான். எங்கள் குடியிருப்பில் குழந்தைகளின் உடல்பருமனைத் தடுக்க ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார்கள். மாதாமாதம் எல்லாப் பிள்ளைகளின் எடையையும் பார்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறார்களாம். கேட்ட நாளிலிருந்து அவன் விளையாடவே கீழே இறங்குவதில்லை. தைராய்டாக இருக்குமோ? இணையத்தில் பிஎம்ஐ கணக்குப் போட்டால் 24, நார்மல் என்று வருகிறது. எடை குறைக்கும் பொடி வாங்கி வைத்திருக்கிறேன், கொடுக்கலாமா? கழுத்தில் வேறு அழுக்கு படிகிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கிரீம் போட்டு வருகிறேன்."

அவனை அந்தத் தராசில் ஏற்ற வேண்டாம். "என் பையன் விளையாட வருவான், எடை பார்க்க வரமாட்டான்" என்று குழுவிடம் சொல்லிவிடுங்கள். ஒரு தாய்க்கு அந்த உரிமை இருக்கிறது.

ஆனால் எனக்குக் கவலை தந்தது உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள்தான். பின்கழுத்தும் பக்கங்களும் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணி போலத் தடித்திருக்கிறதா? அக்குளிலும் தொடை இடுக்கிலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அழுக்கே இல்லை. தேய்த்தால் புண்ணாகுமே தவிர, போகாது. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் ஹார்மோன் இன்சுலின். உடல் அது சொல்வதைக் கேட்காமல் முரண்டு பிடிக்கும்போது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. ரத்தத்தில் மிகுந்துபோன அந்த இன்சுலின் தோல் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. அதனால்தான் இந்தத் தடிப்பும் கருமையும்.

இது சர்க்கரை நோய் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அல்ல. வரக்கூடிய பாதையில் உடல் நிற்கிறது என்று அர்த்தம். இங்கிருந்து திரும்பி வரலாம். பருவமடையும் வயதில் இந்த முரண்டு, அதாவது இன்சுலின் எதிர்ப்பு, இயல்பாகவே கூடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, கல்லீரல் என்சைம் ஆகியவற்றைப் பார்ப்பார். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் சொல்லுங்கள். அதிக தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குவது என எது தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். தைராய்டு குறைந்த பிள்ளைக்கு வளர்ச்சி தடைபடும், உயரம் கூடாது. வகுப்பிலேயே உயரமானவனுக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம். பிஎம்ஐ என்பது உயரத்துக்கு எடை பொருத்தமா என்று பார்க்கும் கணக்கு. 24 நார்மல் என்று வந்தது பெரியவர்களுக்கான பொது அளவுகோலை வைத்துத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 11 வயதுப் பையனுக்கு ஏறக்குறைய 20ஐத் தாண்டினாலே அதிக எடை, 22.5ஐத் தாண்டினால் உடல்பருமன். வயதைக் கேட்காமல் கணக்குப் போடும் தளத்தை நம்பி எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்களோ! பொடியைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கிரீமில் ஸ்டீராய்டு இருந்தால் தோல் மெலிந்துபோகும். இன்றோடு நிறுத்துங்கள்.

இனி அந்தக் குழு. யோசனை நல்லது, பலகைதான் தவறு. கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் மாணவர்களின் பிஎம்ஐயை அளந்து பெற்றோருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எடை குறையவில்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடல்மீது அதிருப்திதான் கூடியது. அங்கே எண்கள் வீட்டுக்குத்தான் போயின, பலகைக்கு அல்ல. அதற்கே இப்படி!

பலன் கிடைத்த இடமும் உண்டு. வடக்குப் பிரான்சில் ஃப்ளெர்பே, லவாந்தி என்று இரண்டு சிற்றூர்கள். 1992இல் பள்ளியில் சத்துணவுப் பாடத்தோடு ஆரம்பித்தார்கள். முதல் சில ஆண்டுகள் பிள்ளைகளின் எடை ஏறிக்கொண்டேதான் போனது. அப்புறம் ஊர் முழுவதும் சேர்ந்துகொண்டது. 2004இல் அங்கே அதிக எடையுள்ள பிள்ளைகள் 8.8 சதவீதம், ஒப்பிட்ட பக்கத்து ஊர்களில் 17.8. பாடம் நடத்தியது மட்டும் போதவில்லை, பிள்ளைகளைச் சுற்றியிருந்த பெரியவர்களும் மாற வேண்டியிருந்தது.

ஆகவே குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. மாலையில் ஒரு மணி நேரம் வளாகத்துக்குள் வண்டிகள் வராமல் நிறுத்த முடியுமா? வேகமாக ஓடத் தெரியாதவனும் சேர்ந்துகொள்ளும்படியான ஆட்டங்கள் உண்டா? பெரியவர்களும் இறங்கி ஆடுவார்களா? இந்த வயதுக்குச் சராசரியாக தினம் 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் தேவை. ஒரே மூச்சில் வேண்டியதில்லை. விளையாடும் இடத்தில் குடிதண்ணீர் இருக்கட்டும். ஒருமுறை பிள்ளைகள் ஓட்டப் போட்டிக்குப் பரிசு கொடுக்கப் போயிருந்தேன். ஓடி முடித்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு குளிர்பான டின். 330 மில்லியில் சுமார் 35 கிராம் சர்க்கரை! பரிசுக் கோப்பையோடு மேடையில் நின்ற நான் என்ன சொல்ல?

வீட்டிலும் அவனுக்கென்று தனித் தட்டு, தனிச் சாப்பாடு வைக்காதீர்கள். எல்லோரும் சாப்பிடுவதை மாற்றுங்கள், அவனும் அதையே சாப்பிடட்டும். எடையை இறக்க இப்போதே பாடுபட வேண்டியதில்லை. உயரம் கூடக்கூட எடை அப்படியே நின்றாலே பிஎம்ஐ இறங்கும். பரிசோதனையில் வேறு ஏதாவது தெரிந்தால் மருத்துவர் இலக்கை மாற்றிச் சொல்வார். கழுத்துக் கருமையும் மெல்ல மங்கும், மாதங்கள் ஆகும்.

காலையில் வெறும் வயிற்றோடு அழைத்துப் போங்கள். அந்தக் கிரீம் டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், மருத்துவர் அதைப் பார்க்க வேண்டும்.