தம்பி கேட்கும் சப்பாத்து இலக்கம்

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 44. வரும் பெப்ரவரியில் சக ஆசிரியர்களோடு சிவனொளிபாதமலை ஏறி, ஒரு நாள் விட்டு ஹோர்ட்டன் சமவெளியிலும் நடக்க இருக்கிறோம். சுவிஸில் இருக்கும் தம்பி நவம்பரில் ஊருக்கு வருகிறான். மலைக்குப் போடும் பூட்ஸ் வாங்கி வருவதாகச் சொல்லி இலக்கம் கேட்கிறான். செருப்பு 6ஆம் இலக்கம் போடுகிறேன். அதையே சொல்லட்டுமா, ஒன்று கூட்டிச் சொல்லட்டுமா? ஏழு வருடத்துக்கு முன் அவன் விட்டுப்போன மலைச் சப்பாத்து ஒரு சோடி அலுமாரியில் புதிதுபோலவே இருக்கிறது. அதை என் கணவர் போடலாமா?

டீச்சர், 6 என்றும் சொல்ல வேண்டாம், 7 என்றும் சொல்ல வேண்டாம். செருப்புக்குச் சுவர் கிடையாது. குதிகால் அரை அங்குலம் பின்னால் தள்ளி நின்றாலும், சின்னவிரல் வாருக்கு வெளியே எட்டிப் பார்த்தாலும் நாம் நடந்துவிடுவோம். ஆகவே அந்த 6 உங்கள் காலைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை. போதாதற்கு நம் கடைகளில் புழங்குவது பிரித்தானிய இலக்கம். தம்பி நிற்கப்போகும் கடையில் 38, 39 என்று ஐரோப்பிய இலக்கம் இருக்கும். பிரித்தானியக் கணக்கில் ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீற்றர். ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் என்று பழைய காலத்தில் வைத்த கணக்கு அது, இன்னும் மாறவில்லை. ஐரோப்பியக் கணக்கில் அந்த இடைவெளி 6.7 மில்லிமீற்றர்தான். இரண்டும் எப்படிச் சரியாகப் பொருந்தும்? கம்பனிக்குக் கம்பனி அட்டவணை வேறு. மில்லிமீற்றர் எல்லா நாட்டிலும் ஒன்று. தம்பிக்கு அதை அனுப்புங்கள்.

அளப்பதற்கு நல்ல நேரம் பின்னேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டு வேலையும் முடிந்து, எப்போது உட்காரலாம் என்று கால் கெஞ்சும் நேரம். நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருந்ததைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். மூன்று மணித்தியாலம் மலையேறிய காலும் அப்படித்தான். அன்று போடப்போகும் தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் விரித்து, குதிகால் சுவரில் முட்டும்படி, உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இறங்கும்படி நில்லுங்கள். கதிரையில் இருந்தபடி அளந்தால் பாதம் விரியாது. கோடு போட மகனையோ கணவரையோ கூப்பிடுங்கள். நீங்களே குனிந்தால் எடை மாறிவிடும். பென்சில் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். உள்பக்கம் சரிந்தால் சில மில்லிமீற்றர் காணாமல் போகும்.

சுவரிலிருந்து ஆக நீண்ட விரலின் நுனி வரை நீளம். அது பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, இரண்டாம் விரல் முந்திக்கொண்டு நிற்கும் கால்கள் நிறைய உண்டு. பெருவிரலுக்கும் சின்னவிரலுக்கும் கீழே மூட்டுகள் புடைத்து நிற்கும் இடத்தில் அகலம். அதே இடத்தைத் தையல் நாடாவால் ஒருமுறை சுற்றியும் எடுங்கள். இரண்டு காலையும் அளந்தால் ஒன்று மற்றதைவிடச் சில மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, பலருக்கும் அப்படித்தான். இடது 238, வலது 243 என்று வந்தால் 243ஐ வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள்.

கடையில் தம்பி செய்ய வேண்டியது ஒன்றுதான். சப்பாத்துக்குள் கிடக்கும் இன்சோலை வெளியே இழுத்து, அதன் நீளத்தை அளக்க வேண்டும். உங்கள் பெரிய காலைவிட அது 10 முதல் 15 மில்லிமீற்றர் கூடுதலாக இருந்தால் நல்லது. தாளைப் படம் பிடித்து அனுப்பினால் போதும் என்று நினைக்க வேண்டாம். கமரா கொஞ்சம் சரிந்தாலே அளவு மாறிவிடும், பக்கத்தில் அடிமட்டம் வைத்திருந்தாலும்தான். எண்களை எழுதி அனுப்புங்கள். யாராவது அந்தப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் பாதத்தின் வடிவத்தைக் கத்தரித்துக் கொடுத்துவிடுங்கள். கடதாசியை இன்சோலின் மேல் வைத்ததும், எந்த ஓரத்தில் அது வெளியே நீட்டுகிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் அது நீட்டப்போவது பக்கவாட்டில்தான். சிறு வயதில் வெறுங்காலோடும் பிறகு செருப்போடும் வளர்ந்த நமக்கு முன்பாதம் விரிந்திருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களை அளந்து 2009இல் வெளியான ஆய்வொன்றும் அவர்களின் முன்பாதம் அகலமானது என்றே கண்டது. ஐரோப்பியக் காலை மனத்தில் வைத்துச் செய்த சப்பாத்துகள் பலவும் நமக்கு முன்னால் இறுக்கும். இறுக்குகிறது என்றதும் எல்லோரும் செய்வது ஓர் இலக்கம் கூட்டி வாங்குவது. அதுதான் பிழை. நீளம் கூடினால் சப்பாத்து மடியும் இடமும் முன்னால் போய்விடும். உங்கள் கால் ஓரிடத்தில் மடிய, சோல் வேறோர் இடத்தில் மடியும். குதிகால் பின்னால் எழும்பி எழும்பி விழும். ஆண்களுக்குரிய சப்பாத்தை வாங்கும் பெண்களுக்கும் இதே தொல்லை வருவதுண்டு: முன்னால் சுகமாக இருக்கும், பின்னால் குதி அதற்குள் நீந்தும். அகலமான அச்சில் செய்த பெண்கள் சப்பாத்து இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பல கம்பனிகள் செய்கின்றன.

அந்த 10 மில்லிமீற்றர் எதற்கு என்பதை நான் காலால் படித்தவன். இருபத்துச் சொச்ச வயதில் முதன்முறை சிவனொளிபாதமலைக்குப் போனபோது, பெருவிரல் நுனி தொட்டும் தொடாமலும் இருந்த ஒரு சோடி போட்டிருந்தேன். கச்சிதம் என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மேடே இல்லாத எழுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் கடலோரப் பக்கம்) பிறந்த எனக்கு ஏற்றம்தான் கஷ்டம் என்ற எண்ணம் வேறு. உயரம் 2,243 மீற்றர்; நல்லதண்ணிப் பக்கத்தால் இறங்கினால் 5,000க்கு மேல் படிகள். ஒவ்வொரு படியிலும் கால் சப்பாத்துக்குள் ஒரு நூல் முன்னால் வழுக்கி, நகம் சுவரில் முட்டியது. ஒரு முட்டு ஒன்றுமே இல்லை. ஐயாயிரம் முட்டு? கீழே வந்து கழற்றியபோது இரண்டு பெருவிரல் நகமும் நாவற்பழ நிறம். ஒன்று மாதத்துக்குள் கழன்றே விழுந்தது. அன்றிலிருந்து, சப்பாத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் இறக்கத்தைப் பற்றித்தான் பேசுவேன்.

இனி, கேட்காத கேள்விக்கு ஒரு பதில். உங்களுக்கு இந்தப் பயணத்துக்குக் கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ் தேவையில்லை. சிவனொளிபாதமலைப் பாதையின் பெரும்பகுதி படிகள். பருவகாலத்தில் இரவு முழுக்க வெளிச்சமும் இருக்கும். பாட்டாவோடு ஏறி இறங்கும் ஆச்சிமாரைப் பார்ப்பீர்கள். கதிர்காமத்துக்கு வெறுங்காலோடு காடு கடக்கும் நம்மவர்களுக்கு இதை நான் சொல்லவும் வேண்டுமா? ஹோர்ட்டன் சமவெளியின் சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். கல்லும் சேறும் உண்டு, ஆனாலும் முதுகில் கூடாரம் சுமந்து போகும் பாதை அல்ல அது. காலில் கூடும் எடை முதுகில் கூடும் எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும். பிடிப்பான றப்பர் சோல் உள்ள, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் இலேசான நடைச் சப்பாத்து போதும். தண்ணீர் புகாத சவ்வு வைத்ததற்குக் கூடுதல் விலை கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. நம் வெக்கையில் கால் உள்ளுக்குள் வியர்த்தே நனையும். மேலால் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் இலேசில் காயாது.

ஆகவே நானாக இருந்தால், அந்த அளவுத் தாளையும் தடித்த காலுறையையும் பையில் வைத்துக்கொண்டு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு பின்னேரம் நாலு கடை ஏறி இறங்கி, போட்டுப் பார்த்து வாங்குவேன். சுவிஸில் வாங்கியது பொருந்தாவிட்டால் யார் கொண்டுபோய் மாற்றுவது? தம்பியிடம் மெரினோ கம்பளிக் காலுறை நாலு சோடி கேளுங்கள். இங்கே தேடினாலும் இலேசில் கிடைக்காதது அதுதான். பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஊறிய தோல் சப்பாத்தோடு ஒட்டி இழுபடும். அந்த இழுவையில்தான் கொப்புளம் வருகிறது. கம்பளி என்றதும் சூடு என்று பயப்பட வேண்டாம். மெல்லியதாக நெய்தது நம் வெயிலுக்கும் ஒத்துவரும்.

தம்பி கேட்கமாட்டான், வாங்கியே வருவான் என்றால் வரட்டும். எங்கே வாங்கினாலும் சோதனை ஒன்றுதான். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளி விரல்கள் முட்ட நின்றால், குதிக்குப் பின்னால் ஒரு சுட்டுவிரல் நுழைய வேண்டும். பிறகு குதியைப் பின்னால் தட்டி வைத்து லேஸைக் கட்டி, படி ஏறுங்கள். குதி எழும்பக் கூடாது. படி இறங்குங்கள், விரல் முட்டக் கூடாது. பக்கவாட்டில் எங்கேயாவது நெரிந்தால், போடப் போடச் சரியாகும் என்று கடையில் சொல்வார்கள். தோல் கொஞ்சம் இளகும், செயற்கைத் துணி அவ்வளவு இளகாது. நெரிகிற சப்பாத்தை நான் வாங்கமாட்டேன்.

நம் கரையில் சரிவுக்கு எங்கே போவது? உங்கள் பள்ளிக்கூடத்து மாடிப்படி போதும். பிள்ளைகள் போன பிறகு, திருத்த வேண்டிய கொப்பிக் கட்டை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் இருபது தடவை ஏறி இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போக முடிந்தால் உன்னிச்சைக் குளக்கட்டில் ஒரு நீண்ட நடை. ஜனவரி முடிவதற்குள் அந்தச் சோடியில் 40, 50 கிலோமீற்றராவது நடந்திருந்தால் நல்லது. கால் நகங்களைப் பயணத்துக்கு மூன்று நாள் முன் நேராக வெட்டிவிடுங்கள். பஸ்ஸில் செருப்போடு இருங்கள். நாள் முழுக்கத் தொங்கிய கால் வீங்கித்தான் இருக்கும்.

உச்சியில் எப்படியும் சப்பாத்தைக் கழற்றித்தான் வணங்கப்போகிறீர்கள். அந்த விடியற்குளிரில், நனைந்த காலுறையை அங்கேயே மாற்றிவிடுங்கள். லேஸை அடியிலிருந்து புதிதாகக் கட்டுங்கள்: முன்பாதத்தில் தளர்வாக, புறங்கால் வளைவில் இறுக்கமாக. வளைவு தொடங்கும் இடத்தில் லேஸின் இரு முனைகளையும் வழமையாக ஒருமுறை கோப்பதற்குப் பதிலாக இருமுறை சுற்றி இழுத்தால் அந்த இறுக்கம் கீழே நழுவாது. பாதம் முன்னால் ஓடாமல் பிடிப்பது அந்தச் சுற்றுத்தான். ஏறும்போது கட்டிய கட்டோடு இறங்குகிறவர்கள்தான் அடுத்த நாள் நொண்டுகிறார்கள்.

அலுமாரிச் சோடியைக் கணவர் போட வேண்டாம். மேல்தோல் மினுங்கும், அதை நம்பக் கூடாது. மலைச் சப்பாத்துகள் பலவற்றில் றப்பர் அடிக்கும் மேல்தோலுக்கும் நடுவே பொலியுரெதேன் என்ற நுரை இருக்கிறது. காற்றின் ஈரம் அதை உள்ளிருந்தே அறுக்கும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் அறுக்கும், வெக்கையும் ஈரமும் கூடிய வாவிக்கரையில் இன்னும் வேகமாக. என்னோடு வந்த ஒருவருக்கு அதே மலையில் பாதி வழியில் சோல் வாய் பிளந்தது. பையில் இருந்த கயிற்றால் சுற்றிக் கட்டி, தேங்காய் கட்டியதுபோல் இறங்கி வந்தார். சந்தேகமாக இருந்தால் சோலுக்கு மேலே பக்கவாட்டில் தெரியும் நுரையில் பெருவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள், சப்பாத்தை நன்றாக வளைத்தும் பாருங்கள். வெடிப்பு ஓடினாலோ, நனைந்த பிஸ்கட்போல் உதிர்ந்தாலோ, அதைத் திரும்ப அலுமாரியில் வைக்க வேண்டாம். இன்றைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், ஏழு வருடமான சோடியோடு ஐயாயிரம் படி இறங்க நான் யாரையும் விடமாட்டேன். இன்சோல் நல்லபடி இருந்தால் அதை மட்டும் எடுத்துக் கழுவிக் காயவைத்து, கணவர் வாங்கப்போகும் புதியதில் போட்டுப் பாருங்கள்.