பி.ஏ. குற்றவியல் படித்தால் போலீஸ் வேலை கிடைக்குமா?

கேள்வி: பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு முடித்திருக்கிறேன். பி.ஏ. குற்றவியல் மற்றும் காவல் நிர்வாகம் சேர ஆசை. எஸ்.ஐ. ஆக வேண்டும். அது அமையாவிட்டால் தடயவியல் துறைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். உயரம் 174 செ.மீ. வீட்டில் எல்லோரும் பி.காம். படி என்கிறார்கள். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா?

பதில்:

நான் எம்.ஏ. குற்றவியல் படித்தவன். பிறகு மூன்றாண்டு சட்டப் படிப்பும் முடித்து, தென் மாவட்டம் ஒன்றில் சிறார் நீதி தொடர்பான வேலையில் இருக்கிறேன். உங்கள் வீட்டில் நடக்கும் அதே வாக்குவாதம் எங்கள் வீட்டிலும் நடந்தது. என் மாமா ஒருவர், "திருடனைப் பற்றிப் படிக்கக் காலேஜுக்கு எதற்குப் போக வேண்டும்?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்தே கேட்டார். அன்று பதில் தெரியவில்லை.

உங்கள் முதல் கணக்கையும் இரண்டாம் கணக்கையும் முதலில் தீர்த்துவிடலாம். இரண்டுமே தப்பு.

எஸ்.ஐ. தேர்வுக்குக் குற்றவியல் தேவையில்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் கேட்பது ஏதாவது ஒரு பட்டம், பி.காம். போதும், தமிழ் இலக்கியம் போதும். எழுத்துத் தேர்வில் வருவது பொது அறிவும், கணக்கும் தர்க்கமும் கலந்த உளவியல் பகுதியும். அதோடு தமிழ்த் தகுதித் தேர்வு. அதற்கு மேல் மைதானம். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்காதவனிடம் நீ பட்டத்தில் என்ன படித்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. எங்கள் வகுப்பில் குற்றவியல் கோட்பாடுகளைத் தலைகீழாக ஒப்பிப்பவன் ஒருவன் இருந்தான். கயிறு ஏறும் இடத்தில் நின்றுவிட்டான். அவனோடு பயிற்சிக்கு வந்த பி.எஸ்சி. கணிதக்காரன் இப்போது இரண்டு நட்சத்திரம் வைத்துக்கொண்டு திரிகிறான். உங்கள் 174 செ.மீ. உயரம் அளவுக்கு மேலேதான் இருக்கிறது. இன்று மாலையே ஓட ஆரம்பியுங்கள். பட்டம் எதுவானாலும் அந்த ஓட்டம் வீணாகாது.

தடயவியல் வேறு, குற்றவியல் வேறு. இதைக் குழப்பிக்கொண்டு வருடா வருடம் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரிகிறது. இரத்தக் கறை யாருடையது, குடலில் இருந்த விஷம் எது என்று சொல்வது தடயவியல். அது வேதியியலும் உயிரியலும் இயற்பியலும். சென்னையில் 1849ஆம் ஆண்டே இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கியதற்குக் காரணம் விஷச் சாவுகள்தான். இன்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 176(3) பிரிவு, 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர 5 ஆண்டு அவகாசம். ஆகவே அந்தத் துறையில் ஆட்கள் தேவைப்படுவார்கள் என்பது உண்மை. ஆனால் பிளஸ் டூவில் அறிவியல் எடுக்காத உங்களுக்கு அந்தப் பக்கம் வழி இல்லை. விளம்பரத்தில் பூதக்கண்ணாடியும் கைரேகைப் படமும் போட்டு 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று எழுதும் கல்லூரியில், உங்களுக்குப் படிக்கக் கிடைக்கப்போகும் தடயவியல் ஒரே ஒரு தாள். என் சித்தப்பா மகள் அப்படித்தான் ஒரு தனியார் கல்லூரியில் ஏமாந்தாள். மூன்று வருடத்தில் ஒரு முறை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஈர மண்ணில் செருப்புத் தடத்துக்கு அச்சு எடுத்தார்களாம். அதுவும் விரிசல் விட்டுவிட்டது.

பிறகு எதற்குத்தான் இந்தப் படிப்பு?

குற்றம் ஏன் நடக்கிறது, நடந்த பிறகு காவல் நிலையம், நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றும் அந்த மனிதனை என்ன செய்கின்றன, பாதிக்கப்பட்டவர் எங்கே போகிறார் என்பதுதான் பாடம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே துறைகள் உண்டு. பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்க்கும் பாடத்துக்கு இந்தியாவில் பெயர் வாங்கித் தந்த பேராசிரியர் கு. சொக்கலிங்கம் இந்த இரண்டு இடத்திலும் பணியாற்றியவர். மாணவனாக நான் மிரண்டுபோன இடம் ஒன்று உண்டு. லொம்புரோசோ என்ற இத்தாலிய மருத்துவர் 1876ஆம் ஆண்டில், மண்டை ஓட்டையும் தாடையையும் அளந்து 'பிறவிக் குற்றவாளி' என்று ஒரு கருத்தைச் சொன்னார். அதை ஆசிரியர் நடத்திக்கொண்டிருந்தபோது, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த நண்பன் எழுந்து, தன் தாத்தாவின் அப்பா இராத்திரியானால் போலீஸ் கண்காணிப்பில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியிருந்ததைச் சொன்னான். அவர்கள் ஊரில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்று பேர். புத்தகத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம், 1871. சில சமூகங்களை முழுக்கவே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்த சட்டம் அது. லொம்புரோசோ எழுதுவதற்கு ஐந்து வருடம் முன்பே நம்மை ஆண்டவர்கள் அதைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். சென்னை மாகாணத்துக்கு அது 1911ஆம் ஆண்டில் வந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களில் 16 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள், அவர்களில் ஒருவர் பெண். அன்று வகுப்பு மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை.

இந்தக் கதையெல்லாம் வேலைக்கு உதவுமா என்று கேட்பீர்கள். எனக்கு எப்படி உதவியது, அதைவிட முதலில் எப்படி உதவாமல் போனது என்று சொல்கிறேன்.

சட்டத்துடன் முரண்பட்ட சிறார், அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 18 வயது நிரம்பாதவர், இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டால், 15 நாளுக்குள் அவரைப் பற்றிச் சமூக விசாரணை அறிக்கை போக வேண்டும். வீடு, பள்ளி, நண்பர்கள், உடல்நிலை, குற்றம் நடந்த சூழ்நிலை எல்லாம் அதில் வரும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அவர்கள் அந்தப் பையனைப் பார்ப்பது சில நிமிடம்தான். மற்றதை அறிக்கையில்தான் படிக்கிறார்கள்.

என் முதல் அறிக்கை, பைக் திருட்டு வழக்கில் சிக்கிய 16 வயதுப் பையனைப் பற்றியது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்னும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு விளையாட்டு அல்ல.) எம்.ஏ.வில் படித்ததையெல்லாம் கொட்டி எழுதினேன். குடும்ப வறுமை, தீய நட்பு, பெற்றோர் கண்காணிப்பின்மை. மூன்று சொற்றொடர், மூன்று கோட்பாடு. மனத்துக்குள் எனக்கு நானே முதல் மதிப்பெண் போட்டுக்கொண்டேன். நடுவர் அம்மா படித்துவிட்டு அந்த மூன்று இடத்திலும் பென்சிலால் கோடு போட்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "வறுமை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள்? தீய நண்பனுக்குப் பெயர் இல்லையா? இந்தப் பத்தியை நான் போன மாதம் வேறொரு பையனுக்கும் படித்தேனே." உண்மைதான். எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுச்சென்ற அறிக்கையைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன்.

மறுபடி பஸ் ஏறிப் போனேன். முதல் முறை திண்ணையிலேயே பேசிவிட்டுத் திரும்பியிருந்தேன். இந்த முறை உள்ளே போய் உட்கார்ந்தேன். அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார்; மடியில் முறம், அதில் இலையும் தூளும். பேசும்போதும் விரல் நிற்கவில்லை. அப்பா கேரளாவில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவை வருவார். பையன் ஒன்பதாம் வகுப்பு வரை ஒழுங்காகப் போயிருக்கிறான். பத்தாம் வகுப்பில் ஏன் நின்றான் என்று கேட்டதற்கு, படிப்பு ஏறவில்லை என்றார். அலமாரியில் கையொடிந்த மூக்குக்கண்ணாடி ஒன்று இருந்தது. யாருடையது என்றேன். அவனுடையதுதான், உடைந்து ஒன்றரை வருடமாகிறது என்றார். பள்ளிக்கூடம் நின்றதும் அதே சமயம்தான். கரும்பலகை தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள், அவனும் உட்பட. பைக்கை அவன் விற்கவில்லை. பெட்ரோல் தீரும்வரை ஓட்டிவிட்டுப் பக்கத்து ஊர் பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறான்.

இரண்டாவது அறிக்கையில் வறுமை என்ற வார்த்தை வரவில்லை. கண்ணாடி வந்தது, கேரளா வந்தது, பஸ் நிறுத்தம் வந்தது. குழுமம் ஆலோசனைக்கு அனுப்பி, கண்ணாடிக்கும் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுவதற்கும் ஏற்பாடு செய்யச் சொன்னது. எழுதினானா என்றால் எழுதினான். கணக்கில் போய்விட்டது. மறுபடி எழுதச் சொல்லித் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

மனிதன் நண்பர்களோடு சேர்ந்துதான் குற்றத்தைக் கற்கிறான் என்று சதர்லாந்து என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் சொன்னதை நான் பரீட்சைக்குப் படித்தேன். அது பொய்யில்லை. ஆனால் கோட்பாடு எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தரும். பதிலை அந்த வீட்டில்தான் போய் எடுக்க வேண்டும். இதை எங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கவும் கூடும், நான் கேட்டிருக்க மாட்டேன்.

இனி வேலைக்கு வருகிறேன். சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பட்டியல் பெரிதல்ல.

என் பதவிக்கு அறிவிப்பில் கேட்டது சட்டப் பட்டம். குற்றவியல் எம்.ஏ.வை மட்டும் வைத்துக்கொண்டு போயிருந்தால் விண்ணப்பமே ஏற்கப்பட்டிருக்காது. அதுவும் ஒப்பந்த அடிப்படை, தொகுப்பூதியம். கல்யாணச் சந்தையில் எடுபடாத சம்பளம். டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவிச் சிறை அலுவலர் போன்ற பதவிகள் உண்டு. வேலூரில் சிறை அலுவலர்களுக்கென்றே பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் பதவி எப்போதாவது வரும். பேராசிரியராக வேண்டுமென்றால் யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாகவே உண்டு. ஐ.பி.எஸ். ஆசை இருந்தால் யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடங்களில் குற்றவியல் இல்லை என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சமூகவியலோ உளவியலோ சட்டமோதான் எடுக்க வேண்டும். தனியார் பக்கம், வங்கி மோசடித் தடுப்புப் பிரிவு, காப்பீட்டுக் கோரிக்கை விசாரணை, பணியாளர் பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவற்றில் எங்கள் வகுப்பினர் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே பி.காம்.காரனுக்குத்தான் மதிப்பு அதிகம். பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று அவனால் படிக்க முடிகிறது. இன்று இணைய மோசடிப் புகார்கள் 1930 என்ற உதவி எண்ணில் குவிகின்றன, அவற்றில் பாதி வேலை கணக்குப் புத்தகம் படிப்பதுதான்.

ஆகவே உங்கள் வீட்டார் சொல்வதை அப்படியே தள்ளிவிட வேண்டாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், பி.காம். முடித்துவிட்டு எம்.ஏ. குற்றவியல் அல்லது மூன்றாண்டு சட்டம் என்று போவேன். எஸ்.ஐ. தேர்வை நடுவிலேயே எழுதிக்கொண்டிருக்கலாம். இல்லை, இளங்கலையிலேயே குற்றவியல்தான் என்றால் தடுக்க மாட்டேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் பட்டத்தின் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதுப் புதுப் பெயர்களில் பட்டம் கொடுக்கிறார்கள். அரசு வேலைக்குப் போகும்போது இது அந்தப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டச் சமநிலை அரசாணை தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அங்கே பாடம் நடத்துகிறவர்கள் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, 420 எண்களையே சொல்லிக்கொண்டிருந்தால் வெளியே வந்துவிடுங்கள். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலிலிருக்கும் பி.என்.எஸ். சட்டத்தில் கொலைக்குத் தண்டனை 103, ஏமாற்றுதல் 318.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். செலவு பஸ் டிக்கெட் மட்டும். ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். சினிமாவில் வருவது எதுவும் அங்கே நடக்காது. பெயர் கூப்பிடுவார்கள், வாய்தா போடுவார்கள், அடுத்த பெயர். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் இப்படி விசாரணை முடியாதவர்கள்தான். நான்கில் மூன்று பங்கு. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்களையும் அங்கே பார்க்கலாம். மதியம் வரை உட்கார்ந்து பாருங்கள். போலீஸ்காரரின் மிடுக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் பி.காம். சேர்ந்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள். வராந்தாவில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண் யாருக்காக வந்தாள், எத்தனை மணி பஸ்ஸில் வந்தாள் என்று கேட்கத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள். எந்தெந்தக் கல்லூரியில் விசாரிக்கலாம் என்று சொல்கிறேன்.