உற்பத்திக்குப் போகும் மரச்சாமான்களை கேட் (CAD, கணினியில் வரையும்) மென்பொருளில் வரைவது: கேள்வி பதில்

கேள்வி: ஸ்கெட்ச்அப் நன்றாகப் பழகிவிட்டது சார். உற்பத்திக்கு வரைய ஃபியூஷன், சாலிட்வொர்க்ஸ் மாதிரி ஒன்றுக்கு மாறியே ஆக வேண்டுமா?

பதில்: ஒரே ஒரு மேசை, அதுவும் கையால் செய்வது என்றால் தேவையில்லை. அதே அலமாரியை 450, 600, 900 மி.மீ அகலங்களில் திரும்பத் திரும்பச் செய்யப்போகிறீர்கள் என்றால் மாறுங்கள். அளவுகளுக்குப் பெயர் வைத்து, ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக மாறும் வசதிதான் அங்கே வேண்டியது. ஃபியூஷனில் அதற்கென்றே பாராமீட்டர் பட்டியல் உண்டு. ஃப்ரீகேடில் ஸ்பிரெட்ஷீட் வைத்தே இதைச் செய்யலாம், அது இலவசமும்கூட. ஸ்கெட்ச்அப்பில் இன்னொரு சிக்கல், அது வட்டத்தை வட்டமாக வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் மாற்றாவிட்டால் அது 24 நேர்கோடுகள் சேர்ந்த பலகோணம். 5 மி.மீ துளையை அப்படியே டிஎக்ஸ்எஃப் (DXF, வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பும் வரைபட வகை) கோப்பாக அனுப்பினால், இயந்திரத்தின் மென்பொருள் அதைத் துளை என்றே கண்டுகொள்ளாமல் போகலாம்.

கேள்வி: பலகைத் தடிமன் 18 மி.மீ என்று போட்டுத்தான் எல்லாம் வரைந்தேன். நான்கு பெட்டிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தினால் மொத்த நீளம் 3 மி.மீ குறைகிறது. எங்கே போயிற்று அந்த 3 மி.மீ?

பதில்: பலகையில்தான். 18 என்று விற்கும் பிளைவுட் 17.6 இருக்கும், சில சமயம் அதற்கும் கீழே போகும். மைக்கா ஒட்டியது 18-ஐத் தாண்டவும் செய்யும். கணக்கைப் பாருங்கள்: வெளி அகலம் 600 வேண்டும். 18 என்று நம்பி அடிப்பலகையை 600 − 36 = 564-க்கு வெட்டினீர்கள். உண்மையில் இரண்டு பக்கப் பலகைகளும் சேர்ந்து 35.2 மி.மீ. ஆகப் பெட்டி 599.2 மி.மீ தான். நான்கு பெட்டிக்கு 3.2 மி.மீ குறையும். 17.6 என்று போட்டிருந்தால் அடிப்பலகை 564.8 ஆகியிருக்கும்.

ஒவ்வொரு கட்டு பலகை வந்ததும் வெர்னியர் காலிப்பரால் மூன்று நான்கு இடங்களில் அளந்து, அந்த எண்ணைத் தடிமன் பாராமீட்டரில் போடுங்கள். வரைபடத்தில் எந்த இடத்திலும் 18 என்று நேரடியாகத் தட்டச்சு செய்திருக்கக் கூடாது. ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் அந்த ஒரு இணைப்பு மட்டும் பொருந்தாது, காரணத்தைத் தேடி அரை நாள் போய்விடும்.

பின்பலகை நுழையும் பள்ளமான காடிக்கும் இதே விதிதான். 6 மி.மீ பின்பலகை என்றால் அளந்த தடிமனோடு 0.3 முதல் 0.5 மி.மீ வரை சேர்த்துக் காடி அகலம் வையுங்கள். சரிக்குச் சரி வைத்தால் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டிவரும், பக்கப் பலகை பிளக்கும்.

கேள்வி: கதவு, எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டியபிறகு பெரிதாகிவிடுகிறது. வரைபடத்தில் அளவு சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: வரைபடத்தில் இருப்பது முடிந்த அளவு. கட்டிங் லிஸ்டில் போக வேண்டியது வெட்டு அளவு. கதவு 596 × 716 ஆக முடிய வேண்டும், நான்கு பக்கமும் 2 மி.மீ எட்ஜ் பேண்ட் என்றால் வெட்டு அளவு 592 × 712. ஒட்டும் இயந்திரம் ஒட்டுவதற்கு முன் விளிம்பை 0.5 மி.மீ சீவும் வகையாக இருந்தால் அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும்: 593 × 713. அந்த இயந்திரம் எவ்வளவு சீவுகிறது என்று ஓட்டுபவரிடம் கேட்டுவிட்டு எண்ணைப் போடுங்கள். 0.4 மி.மீ எட்ஜ் பேண்டைக் கழிக்காமல் விடுபவர்கள் உண்டு. அலமாரிக்குள் வரும் தட்டில் அது பரவாயில்லை. இரண்டு கதவு நெருங்கி நிற்கும் இடத்தில் இடைவெளியே 2 அல்லது 3 மி.மீ தான் என்பதால் அங்கே அதையும் கழியுங்கள்.

கேள்வி: அண்ணா, டிராயர் அகலம் கணக்கிடும் சூத்திரம் என்ன?

பதில்: பக்கவாட்டில் மாட்டும் டெலஸ்கோபிக் சேனல் (டிராயர் ஓடும் தண்டவாளம்) பெரும்பாலும் பக்கத்துக்கு 12.7 மி.மீ இடம் பிடிக்கும். பெட்டியின் உள் அகலம் 564.8 என்றால் 25.4 கழித்து 539.4 வரும். நான் 26 கழித்து 538.8 வைக்கச் சொல்வேன். அரை மி.மீ தளர்ந்திருந்தால் சேனல் சமாளித்துக்கொள்ளும், அரை மி.மீ இறுகினால் டிராயர் பாதியிலேயே நிற்கும். அடியில் மறைந்திருக்கும் சேனலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் டிராயரின் உள் அகலத்தை வைத்துத்தான் அட்டவணை தருவார்கள், பக்கப் பலகைத் தடிமனையும் பின்னால் செதுக்க வேண்டிய காடியையும் அதைப் பார்த்தே வரைய வேண்டும். சேனலை முடிவு செய்யாமல் டிராயரை வரையாதீர்கள்.

கேள்வி: 32 மி.மீ முறை என்கிறார்களே, கீல் துளைகளை அதில் எப்படி அமைப்பது?

பதில்: பக்கப் பலகையின் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ உள்ளே ஒரு நேர்வரிசை. 5 மி.மீ துளைகள், மையத்துக்கு மையம் 32 மி.மீ. கீலின் தாங்கு தகடு இந்த வரிசையில் இரண்டு துளைகளில் உட்காரும். கதவில், கீலின் கிண்ணப் பகுதி உட்காரும் கப் துளை 35 மி.மீ விட்டம். கதவு விளிம்புக்கும் துளை விளிம்புக்கும் நடுவே 3 முதல் 6 மி.மீ வரை விடுவார்கள். அதனால் துளை மையம் விளிம்பிலிருந்து 20.5 முதல் 23.5 மி.மீ. எந்த எண் என்பதைக் கதவு பக்கப் பலகையை எவ்வளவு மூட வேண்டும் என்பது தீர்மானிக்கும்.

கதவு பெட்டிக்கு உள்ளே அமர்கிற வகை என்றால் 37 போதாது, கதவின் தடிமனையும் கூட்டுங்கள். இதை மறந்தால் கதவு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

கேள்வி: 17.6 பலகையில் மினிஃபிக்ஸ் (பலகைகளைச் சேர்த்து இறுக்கும் கேம், போல்ட் இணைப்பு) போட்டோம். தடிமனில் பாதி, 8.8-ல் போல்ட் துளை. மேற்பரப்பு சமமாக வரவில்லை, சிலது இறுகவும் இல்லை.

பதில்: இங்கே பாதித் தடிமன் கணக்கு உதவாது. 18 மி.மீ பலகைக்கான கேமின் (போல்ட் தலையைப் பிடித்து இறுக்கும் வட்டத் துண்டு) மையக்கோடு, கேம் துளை போடும் முகத்திலிருந்து 9 மி.மீ. பலகை எவ்வளவு மெலிந்தாலும் அது 9 தான். எனவே விளிம்புத் துளையையும் பக்கப் பலகையில் வரும் போல்ட் துளையையும் அந்த முகத்திலிருந்து அளந்து வையுங்கள். தடிமன் வித்தியாசம் மறுமுகத்துக்குப் போய்விடும். கேம் துளை 15 மி.மீ விட்டம், ஆழம் 13 மி.மீ சுற்றுவட்டாரம். 17.6 பலகையில் அடியில் மிஞ்சுவது 4 மி.மீ-க்குச் சற்று மேல்தான். நடுக்கூர் நீளமான பிட் போட்டால் மறுபக்கம் புள்ளி புடைக்கும். விளிம்பிலிருந்து கேம் மையம் 24-ஆ 34-ஆ என்பது நீங்கள் வாங்கும் போல்ட்டைப் பொறுத்தது.

கேள்வி: சிஎன்சி-க்கு (கணினி கட்டுப்பாட்டில் வெட்டும் இயந்திரம்) டிஎக்ஸ்எஃப் அனுப்பும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அலகு. அங்குலமா மி.மீ-ஆ என்ற குழப்பம் வந்தால் பலகை 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ திறக்கும், அதைப் பார்த்ததும் பிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத தவறுகள்தான் பலகையைத் தின்னும். ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இரட்டைக் கோடு இருந்தால் பிட் அதே பாதையில் இரண்டு முறை ஓடும். மூடாத வெளிக்கோடு இருந்தால் பிட் கோட்டுக்கு வெளியே போக வேண்டுமா உள்ளே போக வேண்டுமா என்று மென்பொருளுக்குத் தெரியாது. வெளிவெட்டு, 5 மி.மீ துளை, 35 மி.மீ துளை, காடி ஒவ்வொன்றுக்கும் தனி லேயர் (வரைபட அடுக்கு) வைத்து, லேயர் பெயரிலேயே ஆழத்தை எழுதுங்கள்.

உள்மூலைகளையும் பாருங்கள். 6 மி.மீ பிட் எந்த உள்மூலையிலும் 3 மி.மீ ஆர வளைவை விட்டுத்தான் போகும். சதுர முனையுள்ள பலகை அங்கே உட்காராது. மூலையைத் தாண்டி ஒரு சிறு அரைவட்டம் போட்டுக்கொடுங்கள். பாகங்களை ஷீட்டில் அடுக்கும்போது நடுவே பிட் விட்டத்தைவிடக் குறையாமல் இடைவெளி விடுங்கள். மரரேகை தெரியும் பாகங்களைச் சுழற்றக் கூடாது என்று பூட்டிவிடுங்கள். கையகலப் பாகங்களை, காற்றை உறிஞ்சிப் பலகையைப் பிடிக்கும் வெற்றிட மேசை பிடித்து நிறுத்தாது, கடைசி 0.5 மி.மீ-ஐ வெட்டாமல் விட்டு, பிறகு கையால் பிரித்தெடுப்பது நல்லது.

கேள்வி: புத்தக அலமாரித் தட்டு 900 மி.மீ வைக்கலாமா?

பதில்: 18 மி.மீ பார்ட்டிகிள் போர்டில் வேண்டாம். நெருக்கமாகப் புத்தகம் அடுக்கும் தட்டின் நீளம் இரட்டிப்பானால் தொய்வு 16 மடங்கு. தடிமன் இரட்டிப்பானால் தொய்வு 8-ல் ஒரு பங்கு. நடுவில் ஒரு நிலைப்பலகை கொடுத்துப் பாதியாக்குங்கள், அல்லது முன்விளிம்பின் கீழே 40 மி.மீ உயரப் பட்டை ஒட்டுங்கள்.

கேள்வி: 50 பெட்டிக்கான கோப்பு தயார். வெட்ட அனுப்பும் முன் கடைசியாக என்ன செய்வது?

பதில்: மென்பொருளில் மோதல் சோதனையை (பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றனவா என்று பார்ப்பது) ஓட்டுங்கள். கீல், சேனல், திருகு எல்லாவற்றின் மாதிரியும் உள்ளே இருக்கும்போது ஓட்டினால்தான் பயன். சேனல் திருகும் தட்டைத் தாங்கும் ஆணியும் ஒரே இடத்தில் சந்திப்பது அப்போதுதான் தெரியும். அகலத்தை 450-க்கும் 900-க்கும் மாற்றிப் பாருங்கள், ஏதாவது துளை நகராமல் பழைய இடத்திலேயே நின்றால் அதன் அளவு எங்கோ நேரடி எண்ணாக இருக்கிறது. பிறகு ஒரே ஒரு பெட்டியை மட்டும் வெட்டி, கீல், சேனலோடு முழுதாகப் பூட்டுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, டிராயரை முழுக்க இழுத்துத் தள்ளிப் பார்த்து, மாறிய எண்களைப் பாராமீட்டரில் திருத்தியபிறகு மீதி 49-ஐ அனுப்புங்கள்.