வலைப்பக்கத்தில் படத்தின் மேல் சிஎஸ்எஸ் கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் பூச்சு) தெரியவில்லை என்ற கேள்விக்கு

இமேஜ் டேகுக்கே பேக்கிரவுண்டாக லீனியர் கிரேடியன்ட் கொடுத்திருக்கிறீர்கள், அதனால்தான் தெரியவில்லை. பேக்கிரவுண்ட் எப்போதும் படத்துக்குப் பின்னால்தான் வரையப்படும், உங்கள் ஜேபெக் அதை முழுசாக மூடிவிடுகிறது. சந்தேகமிருந்தால் படத்துக்கு 20 பிக்சல் பேடிங் (படத்தைச் சுற்றி உள்பக்க இடைவெளி) கொடுத்துப் பாருங்கள், சுற்றிலும் சட்டம் போட்ட மாதிரி கிரேடியன்ட் எட்டிப் பார்க்கும்.

சரி, தீர்வு:

1. படத்தை ஒரு டிவ்வுக்குள் (மற்றவற்றை உள்ளே வைக்கும் பெட்டி மாதிரியான டேக்) போட்டு, அந்த டிவ்வுக்கு பொசிஷன் ரிலேட்டிவ் கொடுங்கள்.

2. கிரேடியன்ட்டை டிவ்வின் ஆஃப்டர் சூடோ எலிமென்ட்டில் (டேக் எழுதாமல் சிஎஸ்எஸ்ஸே உருவாக்கும் துணை உறுப்பு) எழுதுங்கள்: பொசிஷன் அப்சல்யூட், இன்செட் 0 (நாலு பக்கமும் டிவ்வோடு ஒட்டி நிற்க), கான்டென்ட்டுக்கு உள்ளே எதுவுமில்லாத மேற்கோள்குறி ஜோடி. இந்தக் கடைசி வரியை விட்டால் ஒன்றுமே வராது (நான் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது இங்கேதான்). படத்துக்கே நேரடியாக ஆஃப்டர் போட்டாலும் வேலை செய்யாது.

நிறம் டிரான்ஸ்பரன்ட்டில் தொடங்கி 60% அடர்த்தியுள்ள கறுப்பில் முடிந்தால் மேலே வரும் வெள்ளை எழுத்தை நன்றாகப் படிக்க முடியும்.

ஒன்று மட்டும் கவனம், அந்தப் படம் லிங்க்காக இருந்தால் மேலே கிடக்கும் படலம் கிளிக்கை விழுங்கிவிடலாம், பாயின்டர் ஈவன்ட்ஸ் நன் போட்டுவிடுங்கள். அப்புறம் படத்துக்கடியில் நாலைந்து பிக்சல் கிரேடியன்ட் மட்டும் தனியாகத் தொங்கினால் படத்துக்கு டிஸ்ப்ளே பிளாக்.