தேங்காய் எண்ணெயும் உடற்பயிற்சிக்காரர் சமையலும்: கேள்வி பதில்

உடற்பயிற்சி செய்பவர்கள் தேங்காய் எண்ணெயில் சமைப்பதைப் பற்றி எதுவும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே இருக்கின்றன.

எடை குறைக்கிறேன். எண்ணெய் முழுவதையும் தேங்காய் எண்ணெய்க்கு மாற்றினால் சீக்கிரம் குறையுமா?

குறையாது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 14 கிராம், அதாவது 120 கலோரிக்குப் பக்கம். பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் கைக்கு ஒரு கரண்டி எது, இரண்டு கரண்டி எது என்று தெரியாது. முட்டைக்கு ஒரு தரம், காய் வதக்க ஒரு தரம், கோழிக்கு ஒரு தரம் என்று கை தாராளமானால் காலையில் ஓடிய ஓட்டம் சட்டியிலேயே கரைந்துவிடும். தராசில் சட்டியை வைத்து, தராசு காட்டும் அளவைப் பூஜ்யமாக்கி, அப்புறம் ஊற்றுங்கள். அளந்து ஊற்றுங்கள். இதை இன்று இன்னும் பல தடவை சொல்வேன் என்று நினைக்கிறேன்.

வர்ஜினா, ரீஃபைண்டா? எதில் சமைப்பது?

இது எனக்குப் பிடித்த கேள்வி. வர்ஜின், அதாவது சுத்திகரிக்காத எண்ணெய், சுமார் 175 டிகிரி செல்சியஸிலேயே புகைய ஆரம்பிக்கும். சுத்திகரித்த ரீஃபைண்ட் 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். முட்டை, மெல்லிய தீயில் வதக்கும் காய் எல்லாவற்றுக்கும் வர்ஜின் போதும், வாசனையும் நன்றாக இருக்கும். கோழி நெஞ்சுக்கறியை அதிகச் சூட்டில் மேல்பக்கம் சிவக்க வாட்டுவதென்றால் ரீஃபைண்ட். கறியின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் அது வறுபடாமல் வெந்துகொண்டே இருக்கும், நீங்களும் எண்ணெய் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவீர்கள். ஒட்டாத சட்டிக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது நாலரை கிராம், தாராளம். சட்டி சூடானதும் தூரிகையால் பரப்புங்கள்.

இன்னொன்று. இந்த எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். வாரம் முழுவதற்கும் சமைத்துக் குளிர்பெட்டியில் வைப்பவர்கள் டப்பாவைத் திறந்து மேலே வெள்ளைப் படலத்தைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று பயப்படுகிறார்கள். கெடவில்லை, உறைந்திருக்கிறது. சூடாக்கினால் உருகிவிடும். குளிர்ந்த சாலட்டில் மட்டும் ஊற்றாதீர்கள், இலையில் மெழுகு போலப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஆலிவ் எண்ணெய்.

தலைமுடிக்கு எது நல்லது?

நான் அடுப்போடு சரி. முடிக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

இதில் எம்சிடி இருக்கிறதே, அது கொழுப்பை எரிக்கும் என்கிறார்களே?

எம்சிடி என்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு. ஆய்வுகளில் கொடுத்த எம்சிடி எண்ணெய் பெரும்பாலும் 8, 10 கார்பன் கொண்ட அமிலங்களால் ஆனது. அவை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய் எரிபொருளாகின்றன. தேங்காய் எண்ணெயில் அந்த இரண்டும் சேர்ந்தே 15 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. மீதியில் பெரும்பங்கு, கிட்டத்தட்டப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம்.

(அவரே மறுபடியும்) லாரிக்கையும் நடுத்தரச் சங்கிலி என்றுதானே எழுதியிருக்கிறார்கள்?

பெயரளவில் ஆமாம். நடத்தையில் அது நீளச் சங்கிலியின் உறவுக்காரன், பெரும்பகுதி நேரே கல்லீரலுக்குப் போகாமல் நிணநீர் வழியாகத்தான் போகிறது. சுத்தமான எம்சிடி எண்ணெயை வைத்து நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலே சராசரி எடை இழப்பு அரைக் கிலோவுக்குப் பக்கம்தான். அந்தப் பெயரைத் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் ஒட்டி விற்பதுதான் எனக்குக் கோபம்.

(இன்னொருவர்) 2018இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில் தேங்காய் எண்ணெய் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டவில்லையே. நீங்கள் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பயமுறுத்தவில்லை, எல்டிஎல் பேச்சையே நான் இன்னும் எடுக்கவில்லை. எடுத்துவிட்டீர்கள், சரி. அந்த ஆய்வு உண்மை. நான்கு வாரம், தினம் 50 கிராம். வெண்ணெய் எல்டிஎல்லைக் கூட்டியது, தேங்காய் எண்ணெய் ஆலிவ் எண்ணெயைப் போலவே இருந்தது. ஆனால் அது ஒரே ஆய்வு. 2020இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்டிஎல் டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூடியது, நல்ல கொலஸ்ட்ரால் என்னும் எச்டிஎல் சுமார் 4 கூடியது. உடற்கொழுப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எடை குறைக்க வந்தவர்கள் அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கலாம்.

(அவரே) பசிபிக் கடலின் டோக்கெலாவ் தீவுக்காரர்கள் காலங்காலமாகத் தேங்காயிலேயே வாழ்ந்தார்கள், இதயநோய் அரிது.

அவர்கள் சாப்பிட்டது தேங்காயும் மீனும். பாட்டில் எண்ணெயில் வதக்கிய புரோட்டீன் உணவை அல்ல. முழுத் தேங்காயில் நாரும் நீரும் உண்டு, எண்ணெயில் கொழுப்பு மட்டும்தான். இதோடு இந்த வாதத்தை விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பயிற்சிக்கு முன் வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி குடிக்கலாமா?

வேண்டாம். கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், ஓடும்போது வயிறு புரட்டும். அப்புறம் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் நிறைகொழுப்பை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைகொழுப்புதான், இந்த இரண்டு கரண்டியிலேயே அது முடிந்துவிடும். முட்டை, பால், கறிக்கு இடமே இல்லை.

கருப்புக் காபியில் ஒரு கரண்டி கலந்தால் இடைவெளி விரதம் முறியுமா?

முறியும். 120 கலோரி குடித்துவிட்டு விரதம் என்று சொல்ல முடியாது.

மீன் எண்ணெய் போல இதிலும் ஒமேகா 3 உண்டா?

இல்லை.

தேங்காய் எண்ணெய் சாப்பிட்டால் எடை குறையுமா?

முதல் கேள்வி.

தொப்பை மட்டும் குறையுமா?

அதற்கும் முதல் கேள்விதான். அளந்து ஊற்றுங்கள்.

பொரித்த எண்ணெயை வேறு எண்ணெயோடு கலந்து மறுபடி பயன்படுத்தலாமா?

கலக்காதீர்கள், பொரிக்கும்போது நுரைத்துப் பொங்கும். எடை குறைக்கும் வாரத்தில் பொரிப்பது ஏன் என்பதை நான் கேட்கவில்லை.

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையில் இருக்கிறேன். அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. தினம் நான்கு கரண்டி எடுக்கிறேன்.

இதற்கு எண்ணெய்க்காரன் பதில் போதாது. எல்டிஎல் பரிசோதனை செய்து, முடிவோடு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ஒரு கரண்டிக்குக் குறையுங்கள், மீதிக்கு ஆலிவ் எண்ணெய் போன்றவை.

(முதலில் கேட்டவர்) நீங்கள் சொன்னபடி தராசில் வைத்து ஊற்றினேன். என் வழக்கமான கைக்கு மூன்று தரமும் சேர்த்து 41 கிராம்.

41ஐ 9ஆல் பெருக்குங்கள். 369. நாளைக்கு அதே மூன்று சமையலையும் 15 கிராமில் முடித்துப் பாருங்கள். முட்டை ஒட்டினால் எழுதுங்கள், சட்டியைப் பற்றிப் பேசலாம்.