போலந்தில் முஸ்லிம்கள் நிம்மதியாக வாழ முடியுமா? அங்கே பள்ளிவாசலே கிடையாதாமே?

வேலைக்கு வர யோசிக்கிறீர்கள், வீட்டில் தடுக்கிறார்கள். சரிதானே? எங்கள் வாப்பாவும் இதையேதான் கேட்டார்.

பள்ளிவாசல் இருக்கிறது. நேற்று வந்தவர்கள் கட்டியதும் இல்லை. 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே தாத்தாரிய முஸ்லிம்கள் (ஆசியப் புல்வெளிகளிலிருந்து வந்த குதிரைவீரர் இனம்) அந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். 1410-இல் போலந்தும் லித்துவேனியாவும் ஜெர்மானிய டியூட்டானிக் வீரர்களை எதிர்த்த கிரன்வால்ட் போரில் அவர்களுடைய குதிரைப்படையும் நின்றது. 1672-இல் சம்பள பாக்கிக் கோபத்தில் ஒரு பகுதியினர் துருக்கி சுல்தான் பக்கம் தாவியதும் உண்மை, மறைக்கவில்லை. 1679-இல் போலந்து மன்னர் யான் சோபியெஸ்கி பாக்கிக்கு ஈடாக நிலமே கொடுத்தார். 1683-இல் வியன்னாவில் துருக்கியரை எதிர்த்து அவர் போனபோது இவர்களும் கூடப் போனார்கள். எதிரணியிலும் தாத்தாரியர் இருந்ததால், அடையாளத்துக்குத் தலையில் வைக்கோல் செருகிக்கொண்டார்கள் என்பார்கள். "முஸ்லிம் என்றாலே ஐரோப்பாவுக்கு எதிரி" என்று பாடம் எடுக்கும் வாட்ஸ்அப் மாமா ஒருவருக்கு இதை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

அந்த நிலத்தில் ஒன்றுதான் பெலாரூஸ் எல்லையோரக் குருஷினியானி கிராமம். போலந்து நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த மரப் பள்ளிவாசல். பிறைக்குறி இல்லாவிட்டால் கிராமத்து மாதாகோயில் என்றே நினைப்பீர்கள். எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெரியவர் நீலக்கண்காரர். என் பெயரைக் கேட்டதும் சலாம் சொல்லி, குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதச் சொன்னார். நான் ஓத, அவரும் போலிஷ் வாடையோடு சேர்ந்துகொண்டார். தாய்மொழியை என்றோ தொலைத்தவர்கள். ஆனால் பெலாரூசிய மொழியையும் போலிஷையும் அரபு எழுத்தில் எழுதிய பழைய ஏடுகள் இவர்களிடம் உண்டு. நம் அரபுத்தமிழ் மாதிரியே! பக்கத்து மையவாடியில் (அடக்கத்தலம்) மீசான் கற்களில், அதாவது கல்லறைக் கற்களில், பிறைக்குறி, முன்பெயர் அரபு, குடும்பப்பெயர் "விச்", "ஸ்கி" என்று போலந்துப் பாணியில் முடிகிறது. பிறகு பெரெகாச்செவ்னிக் சாப்பிட்டோம், மெல்லிய மாவை அடுக்கடுக்காக வைத்துக் கறியோடு சுருட்டிச் சுட்டது. ஒன்றை இரண்டு பேர் முடிக்க முடியவில்லை.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்லவில்லை. 2014-இல் இதே பள்ளிவாசல் சுவரில் பன்றிப் படம் வரைந்து வைத்தார்கள். மறுபக்கம், 2021-இல் எல்லைக் காட்டில் இறந்துபோன அகதிகளைத் தங்கள் மையவாடியில் அடக்கியது பக்கத்திலுள்ள போஹோனிக்கி தாத்தாரியர்கள்தான். "ஒரு ஊரைப் பார்த்துவிட்டு நாட்டையே அளக்கிறான்" என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன், வாடகை கட்டுகிறேன்.

ஜும்ஆ என்கிற வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தலைநகர் வார்சாவில் இடம் உண்டு, ஹலால் கறியும் கிடைக்கும். நீங்கள் பயப்பட வேண்டியது ஊர் ஏஜென்ட்டுக்குத்தான். எனக்கு வாய்த்தவர் "ஃபைல் சார்ஜ்" என்று தனியாக ஒரு தொகை கறந்தார். ரசீது கேட்டால், "நம்ம ஆளுங்களுக்குள்ள என்ன தம்பி ரசீது" என்றார். இப்போது போனையே எடுப்பதில்லை.