அம்மாவுக்கு தைராய்டு ஆபரேஷன்: வீட்டில் என்ன ஏற்பாடு செய்வது?

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 46 வயது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ கட்டி விற்கிறார். கழுத்தில் கட்டி தெரிந்து மதுரையில் ஊசி டெஸ்ட் எடுத்ததில், பாப்பிலரி வகை தைராய்டு புற்றுநோய் என்று வந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் சுரப்பியை முழுவதுமாக எடுக்க வேண்டும் என்கிறார்கள். அம்மாவிடம் ‘கழலைக் கட்டி’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். “அக்காவுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிரும்” என்கிறார் தாய்மாமா. அம்மா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் அப்பா, நான், பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பி. என்ன ஏற்பாடெல்லாம் செய்ய வேண்டும்?

பதில்: முதல் ஏற்பாடு, அம்மாவிடம் உண்மையைச் சொல்வது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் மாமா பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பில் நடப்பதை முதலில் உணரப் போகிறவர் அம்மாதான். விரல் மரமரப்பது அவருக்குத்தான் தெரியும். ஆயுள் முழுக்க மாத்திரை போடப் போகிறவரும் அவர்தான். எதற்கு என்று தெரியாமல் போடும் மாத்திரையை, கொஞ்சம் தெம்பு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், வீட்டார் மறைத்து அழைத்து வந்த ஒரு அம்மா, வராந்தாவில் மாட்டியிருந்த ‘புற்றுநோய்ப் பிரிவு’ என்ற போர்டைப் படித்துத்தான் தன் நோயைத் தெரிந்துகொண்டார். அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. நோயை விட, பெற்ற பிள்ளைகளே மறைத்ததுதான் அவருக்கு வலித்தது.

சொல்வதற்கும் தைரியமான செய்தி இருக்கிறது. தைராய்டு புற்றுநோய்களில் அதிகம் வருவது பாப்பிலரி வகைதான். மெதுவாக வளரும். இந்த வயதில், சரியாகச் சிகிச்சை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பல்லாண்டு நன்றாக வாழ்கிறார்கள். தடுக்கும் மாமாவையே சொல்ல வையுங்கள். கூடப் பிறந்தவர் வாயால் கேட்டால் அக்காவுக்கு மனது தாங்கும். “அக்கா, உன் கழுத்துல இருக்கிறது கேன்சர்ல ஒரு வகைதான். மெதுவா வளர்றது. எடுத்துட்டா சரியாப்போகும்னு டாக்டரே சொல்றாரு. நாங்க எல்லாரும் இருக்கோம்” என்றால் போதும். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி வேண்டாம், இந்த வாரமே சொல்லுங்கள். அழ நாள் வேண்டும், கேள்வி கேட்கவும் நாள் வேண்டும். உங்கள் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இரண்டு வாரம் காத்திருப்பதால் நோய் முற்றிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர இன்னும் ஒரு வாரம் கேட்டாலும் கொடுக்கலாம். “அழகர் ஆத்துல இறங்கட்டும், அப்புறம் வர்றேன்” என்று சொன்னவர்களுக்கு நானே தேதியைத் தள்ளிக் கொடுத்திருக்கிறேன். அதற்காக, கட்டியைக் கரைக்கிறேன் என்று யாரோ கொடுக்கும் மருந்தை நம்பி ஆறு மாதம் ஓட்டிவிடக் கூடாது. ஊசி குத்தியதால் பரவிவிடும் என்று ஊரில் சொல்வார்கள், அதற்காகவும் பயப்பட வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, கூவிப் பூ விற்பதுதான் அம்மாவின் பிழைப்பு என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். குரல் நாண்களை அசைக்கும் நரம்புகள் தைராய்டை ஒட்டியே போகின்றன. அந்த நாண்கள் இப்போது எப்படி அசைகின்றன என்று ஆபரேஷனுக்கு முன்பே ஒரு குழாய் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. பிறகு சில நாள் குரல் கம்முவது சாதாரணம். நரம்பு அதிர்ந்திருந்தால் தேற சில வாரமோ மாதமோ ஆகும். கை தேர்ந்த சர்ஜனிடம் நிரந்தரமாகக் குரல் கெடுவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். கழுத்து ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, ஈசிஜி எல்லாம் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். அம்மா போடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு மயக்க டாக்டரிடம் காட்டுங்கள். ‘ஃப்ளோசின்’ என்று முடியும் சர்க்கரை மாத்திரையை 3, 4 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். மற்ற சர்க்கரை மாத்திரைகளை அன்று காலை வேண்டாம் என்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை ஏதாவது இருந்தால், நிறுத்தவா தொடரவா என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். விரலில் மருதாணி வேண்டாம், ஆக்சிஜன் பார்க்கும் கருவியை விரல் நுனியில்தான் மாட்டுவார்கள்.

இனி, எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காத ஒன்று. கத்தி வைக்கும் இடம், தாலிக்கயிறு கிடக்கும் அதே இடம். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்த பிறகு, “அம்மா, தாலியைக் கழட்டிக் கொடுங்க” என்று நர்ஸ் கேட்க, கை நடுங்க முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் தவித்தவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மயக்க ஊசி போடுவதற்குள் ரத்த அழுத்தம் எகிறிவிடும். அது உங்கள் அம்மாவுக்கு நடக்க வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலோ வார்டிலோ வைத்து, அவரே கழற்றி அப்பா கையில் கொடுக்கட்டும். அப்பா அதைக் குங்குமச் சிமிழில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கட்டும். உலோகம் இல்லாத வெறும் மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளச் சில இடங்களில் அனுமதிப்பார்கள், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தழும்பு ஆறும் வரை கயிறு உரசக் கூடாது. திரும்பக் கட்டும் நாளை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பாட்டிமார் விருப்பப்படி நல்ல நாள் பார்த்துக் கட்டலாம். மூக்குத்தி, மெட்டி, வளையலையும் அதோடு கழற்றிவிடுங்கள். இறுகிப்போன மூக்குத்தி என்றால் இரண்டு நாள் முன்பே ஆசாரியிடம் போய்விடுங்கள்.

பணத்துக்கு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அரசு இராசாசி மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு அப்பா நாளைக்கே கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகட்டும். குடும்ப அட்டையில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் அங்கேயே இழுபடும், இன்றே எடுத்துப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வந்துவிட வேண்டும்.

ஆபரேஷன் இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். கழுத்தைப் பின்னால் சாய்த்து வைத்துச் செய்வதால், முன்கழுத்தை விடப் பிடரிதான் அதிகம் வலிக்கிறது என்பார் அம்மா, பதறாதீர்கள். முதல் 24 மணி நேரம் ஒருவர் தூங்காமல் பக்கத்தில் இருங்கள். கழுத்து திடீரென்று வீங்கினாலோ, இறுக்குகிறது, மூச்சு முட்டுகிறது என்று அம்மா சொன்னாலோ அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படித்தான் தெரியும். அதில் காத்திருக்க நேரமில்லை.

பார்க்க வருகிறவர்களை மாமா பொறுப்பில் விடுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, “எங்க ஊர்ல ஒருத்திக்கு இப்படித்தான்” என்று ஆரம்பிப்பவர்களை வாசலிலேயே நிறுத்தி, டீக்கடைக்கு அழைத்துப் போக அவரால்தான் முடியும். முதல் சில நாள் அம்மா அதிகம் பேசாமல் இருந்தால் குரலுக்கும் நல்லது.

கால்சியம் குறைவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில். தைராய்டின் பின்புறம் அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பது அவைதான். ஆபரேஷனில் அவை கொஞ்சம் துவண்டால் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருக்கும், விரல் நுனி மரமரக்கும், கை இழுத்துப் பிடிக்கும். உங்கள் அம்மா தினமும் நார் பிடித்துப் பூக்கட்டுகிறவர். விரலில் சின்ன வித்தியாசம் வந்தாலும் நமக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். “மரமரன்னு இருந்தா உடனே சொல்லும்மா, சோர்வுன்னு விட்டுராதே” என்று இப்போதே சொல்லி வையுங்கள். மாத்திரையிலோ ஊசியிலோ சரிசெய்துவிடலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தேறிவிடும்.

எடுத்த சுரப்பிக்கு ஈடாக ஆயுள் முழுக்கப் போட வேண்டியது தைராக்ஸின் மாத்திரை. அதை எப்போது ஆரம்பிப்பது என்பது, பிறகு கதிரியக்க அயோடின் சிகிச்சை (மிச்சமிருக்கும் தைராய்டுத் திசுவை அழிக்கக் கொடுப்பது) உண்டா என்பதைப் பொறுத்தது. எல்லாருக்கும் அந்தச் சிகிச்சை தேவைப்படாது. மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ. விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய் டீக்கடையில்தான் அம்மா கண் விழிப்பார் என்றால், எழுந்த உடனே மாத்திரை, பூ வாங்கி முடித்த பிறகு டீ என்று பழக்குங்கள். கால்சியம் மாத்திரையை இதனோடு சேர்த்துப் போட்டால் தைராக்ஸின் உடம்பில் ஏறாது, 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு, மாத்திரை டப்பாவை அடுப்படி அலமாரியிலோ ஜன்னலோரத்திலோ வைக்கக் கூடாது.

கருவாடும் அயோடின் உப்பும் ஆகாது என்று யாராவது இப்போதே நிறுத்தச் சொல்வார்கள். ஆபரேஷனுக்கு அது தேவையில்லை. அயோடின் சிகிச்சை என்று முடிவானால் மட்டும், அதற்கு ஓரிரு வாரம் முன்பிலிருந்து அயோடின் சேர்க்காத உப்பு, கடல் மீனும் கருவாடும் இல்லாத சாப்பாடு என்று டாக்டர் பட்டியல் கொடுப்பார். ஆபரேஷன் முடிந்த மறுநாள் இட்லியும் ரசம் சாதமும் தாராளமாகச் சாப்பிடலாம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் நேரே உசிலம்பட்டிக்குக் கிளம்ப வேண்டாம். மதுரைக்குள் உறவினர் வீடு இருந்தால் நான்கைந்து நாள் அங்கே தங்குங்கள். நடுராத்திரியில் கை இழுத்துப் பிடித்தால் 40 கிலோமீட்டர் பெரிய தூரம். பூக்கூடையைத் தூக்குவதற்கு மூன்று வாரம் போகட்டும். அதுவரை கடையில் நீங்களும் தம்பியும் மாறி மாறி உட்காருங்கள். உட்கார்ந்த இடத்தில் பூக்கட்ட மட்டும், அம்மா ஆசைப்பட்டால், ஒரு வாரத்திலேயே விடலாம்.